"இப்ப வராதீங்க"ன்னு சொன்ன ஹோம்ஸ்டே: புயலுக்கு பிறகு தலவாக்கலை பக்கம் மூணு நாள்

பெப்ரவரில குடும்பமா இலங்கை மலைநாட்டுக்கு போய்ட்டு வந்தோம், நான், அவரு, ரெண்டு புள்ளைங்க, அம்மா. தங்கினது தலவாக்கலை டவுன்ல இருந்து ஒரு இருபது நிமிஷ ஓட்டத்துல தோட்டத்து ஓரமா இருக்குற சின்ன ஹோம்ஸ்டே, மொத்தமே மூணு ரூம்தான். பேர் போட வேணாம்னு அத நடத்துற அண்ணாவே கேட்டுக்கிட்டாரு. ஒரேயடியா ஆள் வந்தா சமாளிக்க ஏலாது, ரோட்டும் இன்னும் முழுசா சரியாகலன்னு சொன்னாரு, அதனால பேர் இல்லாமயே எழுதுறேன். ஆனா எழுதாம இருக்க மனசு கேக்கல, ஏன்னா இந்த மாதிரி ஒரு இடத்தை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

முதல்ல நடந்தத சொல்றேன். 2025 நவம்பர் 28 டித்வா புயல் அடிச்சது எல்லாருக்கும் தெரியும். நாடு முழுக்க 600க்கும் மேல உயிர் போச்சு, அதுல பெரும்பகுதி கண்டி, நுவரெலியா, பதுளைன்னு நம்ம மலைப்பக்கம்தான். சில இடத்துல ஒரே நாள்ல 300 மில்லிமீற்றருக்கு மேல மழை. என் சொந்தக்காரங்க ஹட்டன் பக்கம் இருக்காங்க, மூணு நாளா போன் போகல, அந்த மூணு நாளும் நாங்க கொழும்புல சாப்பாடு தண்ணி இல்லாம போனையே பாத்துக்கிட்டு இருந்தோம். அவங்களுக்கு ஒண்ணும் ஆகல, கும்பிட்ட தெய்வம் காப்பாத்திருச்சு. அவங்கள ஒரு தரம் நேர்ல பாக்கணும், அம்மாவையும் கூட்டிட்டு போகணும், அப்படியே ரெண்டு நாள் தங்கணும்னு டிசம்பர் கடைசி ஸ்கூல் லீவுக்கு பிளான் போட்டோம்.

அப்பதான் தப்பு பண்ணினோம். நுவரெலியா பக்கம் ஒரு ஹொட்டலுக்கு கோல் எடுத்து கேட்டா "ரோட்டெல்லாம் க்ளியர் மேடம், ஒரு பிரச்சினையும் இல்ல, அட்வான்ஸ் போட்டா ரூம் கன்ஃபர்ம்"னு சொல்றாங்க, நாங்களும் நம்பி 15,000 போட்டோம். போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி மழை திரும்ப பிடிச்சு மண்சரிவு எச்சரிக்கை வந்திருச்சு. கோல் எடுத்தா "எங்க ஹொட்டலுக்கு ஒண்ணுமில்ல, நீங்க வராட்டி அது உங்க இஷ்டம், காசு திருப்பி தர ஏலாது"ன்னு முடிச்சுட்டாங்க. அந்த காசு இன்னைக்கு வரைக்கும் வரல. காசு போனா போகட்டும், சின்ன புள்ளைங்களோட வாரோம்னு தெரிஞ்சும் ரோட்டை பத்தி ஒரு வார்த்த உண்மைய சொல்லலையேங்கறதுதான் எனக்கு இன்னும் ஆறல.

அதே வாரம் சொந்தக்காரங்க மூலமா இந்த ஹோம்ஸ்டே அண்ணாவோட நம்பர் கிடைச்சுது. அதே திகதிக்கு ரூம் இருக்கான்னு கேட்டேன். அவரு சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு: "தங்கச்சி, ரூம் மூணும் காலிதான். ஆனா இப்ப வராதீங்க. வீட்டுக்கு நான் பொறுப்பு சொல்லுவேன், நீங்க வார ரோட்டுக்கு சொல்ல மாட்டேன். தை பொறந்து மழை நிக்கட்டும், நானே எடுத்து சொல்றேன்." புயலுக்கு பிறகு ஒரு ஆள் கூட வராம ரூம் மூணும் பூட்டிக் கெடக்குற நேரத்துல ஒரு மனுசன் இத சொல்றாருன்னா அவருக்கு அந்த காசு எவ்வளவு தேவையா இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. சொன்ன மாதிரியே பெப்ரவரி முதல் கிழமை அவரே எடுத்தாரு, "பத்து நாளா நல்ல வெயில், பனிதான் கொட்டுது, ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டு வாங்க"ன்னு. அட்வான்ஸ் ஒரு சதம் கேக்கல.

வேனும் அவரே ஏற்பாடு பண்ணினாரு, அவரோட மச்சான்தான் டிரைவர், ஹட்டன்ல பொறந்து வளந்த தம்பி. ரயில்ல போகணும்னு புள்ளைங்க ஆசப்பட்டாங்க, ஆனா புயல்ல மலைநாட்டு ரயில் பாதை பல இடத்துல அடிபட்டது தெரிஞ்சதுதானே, அதனால ரோட்டாலயே போனோம். ரயில்ல போற ஐடியா இருக்குறவங்க எந்த ஸ்டேஷன்ல இருந்து எந்த ஸ்டேஷன் வரைக்கும் ஓடுதுன்னு ரயில்வேல கேட்டுட்டு டிக்கெட் எடுங்க, பழைய வீடியோ பாத்துட்டு கெளம்பாதீங்க. நாங்க அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் வழியா போனோம். கம்பளை, புசல்லாவ, ரம்பொடை வழி வேணாம்னு தம்பி முதல்லயே சொல்லிட்டாரு. அம்மாவுக்கு ரம்பொடை ஆஞ்சநேயர் கோவிலுக்கு போகணும்னு ரொம்ப ஆச, வேண்டுதலும் இருந்துச்சு, முகம் வாடிப் போச்சு. தம்பி வேன நிப்பாட்டி அம்மாகிட்ட திரும்பி, "அம்மா, அந்த ரோட்டுல மேலயும் மலை, கீழயும் பள்ளம். சரிஞ்ச இடத்துல எல்லாம் மண்ண அள்ளி ஓரமா போட்டிருக்காங்க, ஒரு ராத்திரி மழை பெஞ்சா அது திரும்ப ரோட்டுக்கு வரும். அடுத்த தரம் நானே உங்கள கூட்டிட்டு போறேன், காசு வேணாம்"னு பொறுமையா சொன்னாரு. அம்மா சரின்னுட்டாங்க.

அந்த தம்பிய பத்தி கொஞ்சம் சொல்லணும். காலைல 5 மணிக்கெல்லாம் கொழும்புல இருந்து கெளம்பணும்னு கண்டிப்பா சொன்னாரு, ஏன்னா மலை ஏறுறது வெளிச்சத்துலதான், பின்னேரம் மூணு மணிக்கு மேல மிஸ்ட் இறங்கிரும், இருட்டுல மேல இருந்து மண்ணு வருதான்னு பாக்க ஏலாது. கினிகத்தேனைக்கு மேல போகப் போக அவரு பாட்டை நிப்பாட்டிட்டு கண்ணாடிய பாதி இறக்கிட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு "சத்தம் கேக்கணும் அக்கா, மண்ணு வாரதுக்கு முன்னாடி சின்ன கல்லு உருளும், மரம் முறியிற சத்தம் வரும்"னாரு. ஒரு வளைவுல ரோட்டு ஓரமா வெட்டின மண்மேட்டுல இருந்து தண்ணி கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அவரு வேகத்த கொறச்சு பாத்துட்டு "தெளிஞ்ச தண்ணி, பரவால்ல"ன்னு எடுத்தாரு. கலங்கின தண்ணியா வந்தா? "அப்ப நான் இந்த இடத்துல நிக்கவே மாட்டேன், திருப்பிருவேன்." லைட் போஸ்ட் சாஞ்சிருக்கா, வேலி வளஞ்சிருக்கா, ரோட்டுல பிறை மாதிரி வெடிப்பு இருக்கான்னு அவரு போற வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தாரு, புள்ளைங்களும் அவரோட சேந்து போஸ்ட் எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. டீ குடிக்க நிப்பாட்டினா கூட மலை வெட்டின பக்கம் நிப்பாட்டல, வெட்டவெளியா உள்ள இடம் வரைக்கும் ஓட்டிட்டுத்தான் நிப்பாட்டினாரு. அவசரம் அவசரம்னு ஓவர்டேக் பண்ணி போற வேன்கள பாக்கும்போது இப்படி ஒரு டிரைவர் கிடைச்சது பெரிய விசயம்னு தோணுச்சு.

ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில டெவோன், சென் கிளயர் ரெண்டு நீர்வீழ்ச்சியையும் ரோட்டுல இருந்தே பாத்தோம், ஃபோட்டோ எடுத்தோம், அவ்வளவுதான். கீழ இறங்க வேணாம்னு தம்பி சொன்னாரு. சென் கிளயருக்கு மேல தலவாக்கலைல மேல் கொத்மலை அணை இருக்கு, மேல மழை பெஞ்சா வான்கதவு திறப்பாங்க, சைரன் அடிப்பாங்க, நீங்க நிக்கிற இடத்துல ஒரு சொட்டு மழை இல்லாட்டியும் ஆத்துல திடீர்னு தண்ணி வந்திரும். வெளியூர்ல இருந்து வார பொடியங்களுக்கு இது தெரியாது, பாறையில ஏறி நின்னு செல்ஃபி எடுக்குறாங்க. சைரன் கேட்டா பைய எடுக்க கூட திரும்பாதீங்க, மேட்டுக்கு ஏறிருங்க.

ஹோம்ஸ்டேக்கு பத்தரைக்கு போய் சேந்தோம். ரோட்டுல இருந்து வீட்டுக்கு 58 படி, மூத்தவன் எண்ணினான், அம்மாவுக்கு மூட்டு வலி, ரெண்டு தரம் உக்காந்து உக்காந்துதான் ஏறினாங்க. இத முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், இதுதான் என்னோட முதல் குறை. அந்த வீட்டு அக்கா பிளேன்டீயும் வெல்லமும் கொண்டு வந்து வச்சாங்க, நாங்க டீய வாய்ல வைக்கிறதுக்குள்ள அண்ணா "டீ குடிச்சுட்டு எல்லாரும் ஒரு நடை நடந்துட்டு வருவோம்"னாரு. எங்கயோ வியூ காட்டத்தான் கூட்டிட்டு போறாருன்னு நெனச்சேன். இல்ல. வீட்டு பின்கதவுல இருந்து தேயிலைக்குள்ளால ஒரு பாதை, அதுல ஒரு அஞ்சு நிமிஷம் பக்கவாட்டுல நடந்தா ஒரு மொட்டை மேடு, அதுல கோவில். "ராத்திரி நான் கதவ தட்டினா எதையும் எடுக்காம இங்க வாங்க. ரோட்டு பக்கம் ஓடாதீங்க, ரோட்டுக்கு கீழ ஓடை இருக்கு, மண்ணு அந்த ஓடை வழியாத்தான் வரும்." புள்ளைங்கள முன்னுக்கு விட்டு ஒரு தரம் திரும்ப நடக்க வச்சாரு. ராத்திரி சப்பாத்தும் டோர்ச்சும் கதவு பக்கத்துல இருக்கணும், போன் சார்ஜ்ல இருக்கணும், வேன் ரோட்ட பாத்து திருப்பி நிக்கணும். கொழும்புல பெரிய பெரிய ஹொட்டல்ல தங்கியிருக்கேன், தீ பிடிச்சா எந்த பக்கம் போகணும்னு கதவுல ஒட்டியிருப்பாங்க, அத யாரும் வாசிக்கிறதில்ல. இங்க ஒரு மனுசன் எங்க அம்மா கைய பிடிச்சு நடத்தி காட்டினாரு.

இனி அந்த மழை அளக்குற ஜாடி. இத எழுதத்தான் இந்த ரிவியூவே எழுத ஒக்காந்தேன்னு சொல்லலாம். முற்றத்துல வெட்டவெளியா ஒரு கம்பம், கம்பத்துல கம்பியால கட்டின நேரான ப்ளாஸ்டிக் ஜாடி, அடியில கூழாங்கல்லு போட்டு ஒரு கோடு வரைக்கும் தண்ணி ஊத்தியிருக்கு, அந்த கோடுதான் சைபர். அதுக்கு மேல ஸ்கேல் வச்சு மில்லிமீற்றர் குறிச்சிருக்காரு. 75ல மஞ்சள் கோடு, 100ல ஒரேஞ்ச் கோடு, 150ல சிவப்பு கோடு, மூணும் அவரோட மகளோட நகப்பூச்சுல போட்டது. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் பெஞ்சா கவனமா இருக்கணும், 100 ஆனா வெளிக்கிட ரெடியாகணும், 150 ஆனா நிக்கவே கூடாது, இது மண்சரிவு எச்சரிக்கை குடுக்குற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைப்பக்க சனங்களுக்கு சொல்லிக் குடுத்திருக்குற கணக்கு. அதே மாதிரி ஒரு மணித்தியாலத்துக்குள்ள 75 கொட்டினாலும் வெளிக்கிட வேண்டியதுதான். பக்கத்துல ஒரு ஸ்கூல் கொப்பி, கயிறு கட்டி ஆணியில தொங்குது, ஒவ்வொரு நாளும் காலைல 6 மணிக்கு எவ்வளவுன்னு எழுதி ஜாடிய திரும்ப சைபருக்கு கொண்டு வருவாரு. நவம்பர் பக்கத்த திருப்பி காட்டினாரு. 27ஆம் திகதிக்கு பேனையால எழுதின இலக்கம் இருக்கு, அடுத்த நாளைக்கு ஒண்ணுமில்ல, கோடு மட்டும் இழுத்திருக்கு. "அன்னிக்கு எழுத நேரம் இல்ல தங்கச்சி. ராத்திரி டோர்ச் அடிச்சு பாத்தேன், சிவப்ப தொட்டிருச்சு, லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) கதவு கதவா தட்டி எல்லாரையும் கோவிலுக்கு ஏத்தினோம்." அவங்க பக்கத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா எதிர் மலையில ஒரு செம்மண் கோடு மேல இருந்து கீழ வரைக்கும் தேயிலைய பிளந்துக்கிட்டு இறங்கியிருக்கு, வாசல்ல நின்னா அதுதான் முதல்ல கண்ணுல படும்.

அம்மா அத பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. அவங்களுக்கு கொஸ்லந்தையில சொந்தம் இருந்துச்சு. 2014 ஒக்டோபர் 29 அங்க மீரியபெத்த தோட்டத்துல மலை சரிஞ்சு லயம் லயமா மண்ணுக்குள்ள போனது மலைநாட்டு ஆக்கள் யாருக்கும் மறக்காது. அங்க ஆபத்து இருக்கு, சனத்த வேற இடத்துக்கு மாத்தணும்னு 2005லயே சொல்லியிருந்தாங்க, ஆனா போறதுக்கு ஒழுங்கா ஒரு காணி கெடைக்கலன்னு அந்த சனம் சொன்னாங்க. எச்சரிக்கை வாரது ஒரு பக்கம், எழும்பிப் போக இடம் இருக்குறது இன்னொரு பக்கம். நாங்க மூணு நாள் வந்துட்டு மழைன்னா வேன்ல ஏறி போயிருவோம், லயத்து ஆக்கள் எங்க போவாங்க? இத ரிவியூல எழுதலாமான்னு யோசிச்சேன், எழுதணும்னுதான் தோணுச்சு.

சாப்பாடு பத்தி சொல்லாம விட்டா அக்கா மன்னிக்க மாட்டாங்க. காலைல ரொட்டியும் கட்டச் சம்பலும் பருப்பும், பகலுக்கு சிவப்பரிசி சோறு, போஞ்சிக்கறி, லீக்ஸ் வதக்கல், உருளைக்கிழங்கு பிரட்டல், கருவாடு. ராத்திரி சூடா சூப். ஆள் ஒண்ணுக்கு பகல் சாப்பாடு 800, புள்ளைங்களுக்கு காசே எடுக்கல. மரக்கறி எல்லாம் பக்கத்து தோட்டத்து ஆக்கள்கிட்ட வாங்கினது, இவங்க சொந்த கரட் பாத்தி புயல்ல மண்ணோட போயிருச்சு. தண்ணி பீலித் தண்ணி, அதாவது மலை ஊத்துல இருந்து வாரது, நாங்க சின்ன வயசுல அப்படியே ஏந்தி குடிப்போம், ஆனா அக்கா ஒரு சொட்டு கூட கொதிக்க வைக்காம தரல, பல்லு விளக்க கூட கொதிச்சு ஆறின தண்ணி ஒரு போத்தல் ரூம்ல வச்சிருந்தாங்க. வெள்ளத்துக்கு பிறகு பீலி ஊத்துல என்ன கலந்திருக்குன்னு யாருக்கு தெரியும்னு சொன்னாங்க, சரிதானே. சேத்துல வெறுங்காலோட புள்ளைங்கள விட வேணாம்னும் சொன்னாங்க, எலிக்காய்ச்சல் பயம். கால்ல காயம் புண் இருக்குறவங்க தேங்கி நிக்கிற தண்ணில இறங்கவே கூடாது, போய் வந்து ரெண்டு மூணு கிழமைக்குள்ள காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி வந்தா டொக்டர்கிட்ட "வெள்ளம் வந்த எடத்துக்கு போனேன்"னு மறக்காம சொல்லுங்க, பனடோல் போட்டுக்கிட்டு வீட்ல கெடக்காதீங்க.

ரெண்டாம் நாள் ராத்திரி மழை வந்துச்சு. பெப்ரவரில எங்கடா மழைன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம், எட்டு மணிக்கு தகரத்துல சத்தம் ஆரம்பிச்சுது, எனக்கு வயிறு கலங்கிருச்சு. அம்மா சாமி பாட்டு முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணா குடைய பிடிச்சுக்கிட்டு வெளிய போய் டோர்ச் அடிச்சு பாத்துட்டு வந்து, "ஒன்பது மில்லிமீற்றர். தூங்குங்க. நான் முழிச்சிருப்பேன்." பத்து மணிக்கு திரும்ப 16. பன்னெண்டுக்கு நான் தூக்கம் வராம எட்டிப் பாத்தா அவரு கம்பளிய போத்திக்கிட்டு முன் திண்ணையில ஒக்காந்திருக்காரு, பக்கத்துல போன், அதுல வட்ஸ்அப் குரூப், மேல் டிவிசன் ஆக்கள், கீழ் டிவிசன் ஆக்கள், ஸ்கூல் சேர், கிராம சேவகர் எல்லாரும் இருக்குற குரூப், ஆளுக்கு ஆள் தங்க பக்கத்து மழைய போட்டுக்கிட்டு இருக்காங்க. காலைல பாத்தா 22. மஞ்சள் கோட்டுக்கு எவ்வளவோ கீழ. ஆனா அந்த ராத்திரிதான் எனக்கு ஒண்ணு விளங்குச்சு, நாங்க பயந்து பயந்து கேட்ட அந்த மழைய இவங்க நவம்பர்ல இருந்து ஒவ்வொரு ராத்திரியும் இப்படித்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அடுத்த நாள் காலைல மேல் மலைக்கு ஏறி சூரிய உதயம் பாக்குறதா இருந்துச்சு, அண்ணா அத வெட்டிட்டாரு. 22தானே, 75 இல்லையேன்னு அவரு கேட்டாரு, எங்க வீட்டுக்காரர சொல்றேன். அதுக்கு அண்ணா, "அந்த கணக்கு நல்லா இருக்குற மலைக்கு. இந்த மலை நவம்பர்ல நனைஞ்சு வெடிச்சு போய் இருக்கு, கான் எல்லாம் மண் அடைச்சு கெடக்கு, மேல போற பாதையில ஒரு வெடிப்பு இருக்கு, ரெண்டு பக்கமும் முளை அடிச்சு கயிறு கட்டியிருக்கோம், கயிறு தளரல, ஆனா நான் யாரையும் அதுக்கு மேல கூட்டிட்டு போறதில்ல"ன்னாரு. தோட்டம் தெரியாதவங்களுக்கு சொல்றேன், கான்னா தேயிலைக்கு நடுவுல மழைத்தண்ணி வடிய வெட்டின வாய்க்கால், அது அடைச்சா தண்ணி போக வழியில்லாம மண்ணுக்குள்ள இறங்கும், மண்ணு பாரமாகும், சரியும். வீடு இருக்குற இடத்தையும் புயலுக்கு பிறகு அதிகாரிகள் வந்து பாத்து குடியிருக்கலாம்னு எழுதி குடுத்திருக்காங்க, அந்த கடதாசிய கேக்காமலே காட்டினாரு. நீங்க எங்க புக் பண்ணினாலும் இத கேளுங்க, வெக்கப்படாதீங்க, கோவிச்சுக்கிறவங்க வீட்ல தங்கவும் வேணாம்.

மலைக்கு பதிலா நானுஓயா வழியா நுவரெலியா டவுனுக்கு போனோம், மார்க்கெட், கிரெகரி வாவி, புள்ளைங்க குதிரை ஏறினாங்க, கூட்டம் ரொம்ப கொறவு. குதிரைக்காரர் காலைல இருந்து நாங்கதான் முதல் ஆள்னு சொன்னாரு. ஸ்ட்ரோபெரி வித்த அம்மா ரெண்டு பக்கெட் வாங்கினதுக்கு மூணாவது ஒண்ணு சும்மா போட்டு தந்தாங்க, வேணாம்னு சொன்னா கேக்கல, காச கைல திணிச்சுட்டு வந்தோம். போகலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்க இதையும் யோசிங்க, சனம் வராட்டி இவங்களுக்கு வருமானம் இல்ல. ஆனா போற இடம், போற நாள், ரெண்டும் பாத்து போகணும்.

எப்படி பாக்குறதுன்னு கேப்பீங்க. நாங்க பண்ணினது இதுதான். போறதுக்கு முந்தின நாள் பின்னேரமும் போற அன்னிக்கு காலையிலயும் ரெண்டு தரம் மண்சரிவு எச்சரிக்கைய பாத்தோம். அது மாவட்டத்துக்கு பொதுவா வராது, பிரதேச செயலக பிரிவு பிரிவா வரும், கொத்மலை, வலப்பனை, அம்பகமுவ, நுவரெலியான்னு, அதனால நீங்க தங்குற இடம் மட்டும் இல்ல, கடந்து போற இடமெல்லாம் எந்த பிரிவுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். மஞ்சள்னா அவதானம், செம்மஞ்சள்னா வெளியேற ரெடி, சிவப்புன்னா வெளியேறணும். எங்க வீட்டு முடிவு, புள்ளைங்களோட போறதுன்னா மஞ்சள் இருந்தாலே அந்த பக்கம் போறதில்ல. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, மூணையும் அம்மா போன்லயும் போட்டு குடுத்தோம். கைல காசு எடுத்துட்டு போங்க, கரண்ட் போனா ஏ.டி.எம் வேல செய்யாது. மேப்ப முதல்லயே டவுன்லோட் பண்ணுங்க. எந்த ரோட்டால போறோம்னு வீட்ல ஒரு ஆளுக்கு சொல்லிட்டு போங்க, மாத்தி போனா அதையும் சொல்லுங்க. அம்மாவோட பிரஷர் மாத்திர மூணு நாளைக்கு பதிலா பத்து நாளைக்கு எடுத்துட்டு போனேன், ரோட்டு மூடினா எப்ப திறக்கும்னு யாரும் சொல்ல ஏலாது.

இன்னொரு விசயம், இத கோவத்தோடயே எழுதுறேன். வீடு போன குடும்பங்கள் இருக்குற எடத்துக்கு போய் வீடியோ எடுக்காதீங்க. எங்களுக்கு முன்னாடி வந்த ஒரு கூட்டம் சரிஞ்ச மண்ணு மேல ஏறி நின்னு ட்ரோன் பறக்க விட்டிருக்காங்க, அந்த மண்ணுக்குள்ள யாரோட வீடு இருக்குன்னு தெரியுமா? கொண்டு போற சாமான பத்தியும் அக்காகிட்ட முதல்ல கேட்டேன், பழைய உடுப்பு வேணாம், நெறைய வந்து குமிஞ்சு கெடக்கு, ஸ்கூல் சப்பாத்தும் கொப்பியும்தான் வேணும்னாங்க. சைஸ் எழுதி அனுப்பினாங்க, ஏழு சோடி வாங்கிட்டு போனோம், குடுக்கும்போது ஃபோட்டோ எடுக்கல.

குறைகளும் சொல்லணும்தானே. படி விசயம் சொல்லிட்டேன், வயசானவங்க, கைக்குழந்தை உள்ளவங்க யோசிச்சு போங்க, ராத்திரில அந்த மேட்டுக்கு ஓட வேண்டி வந்தா ஏலுமான்னு முதல்ல பாக்கணும், அம்மாவ கூட்டிட்டு போனது சரியான்னு எனக்கே ஒரு ராத்திரி முழுக்க உறுத்துச்சு. சுடுதண்ணி ஒரு ஆள் குளிச்சா முடிஞ்சுரும், அடுத்த ஆளுக்கு அக்கா அடுப்புல காய்ச்சி தரணும். சிக்னல் ஒரு கம்பெனி மட்டும்தான், அதுவும் திண்ணையில மட்டும். கம்பளி போதாது, நாலு மணிக்கு குளிர் எலும்புக்குள்ள போகுது, கேட்டா இன்னொண்ணு தாராங்க, கேக்காம தந்தா நல்லா இருக்கும். கரண்ட் போனா ஜெனரேட்டர் இல்ல, அரிக்கன் லாம்புதான், புள்ளைங்களுக்கு அது ரொம்ப பிடிச்சுது.

ரூம் ஒண்ணு ஒரு ராத்திரிக்கு 6,500, காலை சாப்பாட்டோட. வேனுக்கு மூணு நாளுக்கும் சேத்து 45,000, டீசல் உள்பட. அஞ்சுக்கு எவ்வளவுன்னு கேட்டா நான் அஞ்சும் குடுப்பேன்.

ஏப்ரல் சீசனுக்கு திரும்ப வாரோம், அம்மாவ ரம்பொடைக்கு கூட்டிட்டு போறதா தம்பி சொன்னாருதானே, திகதி போடுங்கன்னு அண்ணாகிட்ட கேட்டேன். "எழுதி வைக்கிறேன் தங்கச்சி, ஆனா ரெண்டு நாளைக்கு முன்னாடி எடுங்க, கொப்பிய பாத்துட்டுத்தான் சொல்லுவேன்"னாரு. அவரோட நம்பர் வேணுங்கறவங்க எனக்கு மெசேஜ் போடுங்க, அவர்கிட்ட கேட்டுட்டு தாரேன்.